கேள்வித்தாளுக்குப் பின்னால் இருப்பவர்கள்: வாசகர் கேள்வி-பதில்

வெளிநாட்டுத் தொழில் உரிமங்கள் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அமெரிக்கச் சமூகப் பணி உரிமத் தேர்வைப் பற்றி இரண்டே வரிதான் இருந்தது. கடிதங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு வரியைத்தான் பிடித்துக்கொண்டன. எனவே இந்த முறை பகுதி முழுவதும் அந்தத் தேர்வுக்கே.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்தவருக்கு எதற்கு இன்னொரு தேர்வு? அதை அமெரிக்க அரசா நடத்துகிறது?
– மாணவி, சேலம்

மத்திய அரசுக்கு இதில் பங்கில்லை. அமெரிக்காவில் தொழில் உரிமம் தருவது மாநிலங்களின் வேலை. சட்டப் படிப்பு முடித்தவர் பார் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் வழக்காட முடியும் அல்லவா? அதுபோல அங்கே ஒவ்வொரு மாநிலத்திலும் சமூகப் பணியை ஒழுங்குபடுத்த ஒரு வாரியம் உண்டு. படிப்பு, மேற்பார்வையில் வேலை பார்த்த நேரம், தேர்வு ஆகியவற்றைப் பார்த்து அந்த வாரியம் உரிமம் தரும்.

ஐம்பது வாரியங்களும் தனித்தனியே கேள்வித்தாள் போட்டால் செலவும் கட்டாது, தரமும் நிற்காது. அதனால் வாரியங்கள் கூடி 1979இல் ஒரு சங்கம் அமைத்தன. இப்போது அதன் பெயர் சமூகப் பணி வாரியங்களின் சங்கம், சுருக்கமாக ஏ.எஸ்.டபிள்யூ.பி. அலுவலகம் வர்ஜீனியா மாநிலத்தின் கல்பெப்பர் என்ற சிற்றூரில் இருக்கிறது. முதல் தேர்வு 1983இல் நடந்தது. கனடாவின் 10 மாகாணங்களும் இதில் உறுப்பினர்கள். இது லாப நோக்கற்ற தனி அமைப்பு. தேர்வைத் தயாரித்து நடத்துவது இதன் முக்கிய வேலை. உரிமம் தருவதும் மறுப்பதும் வாரியத்தின் கையில்தான்.

பி.எஸ்.டபிள்யூ. (இளங்கலை) முடித்தவருக்கு ஒன்று, எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவருக்கு ஒன்று எனப் பல நிலைகளில் தேர்வு உண்டு. தனியாக அறை போட்டு உளசிகிச்சை செய்ய விரும்புவோர், முதுகலைக்குப் பிறகு மேற்பார்வையில் சில ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு ‘கிளினிக்கல்’ தேர்வு எழுதுவார்கள். மேற்பார்வைக் காலம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் அது 3,000 மணி நேரம்.

கேள்வித்தாளை யார் தயாரிக்கிறார்கள்? நம் பல்கலைக்கழகங்களைப் போல நாலு பேராசிரியர்களை உட்கார வைத்தா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

நாலு பேராசிரியர்கள் போட்டால் அந்த நாலு பேரின் பாடக் குறிப்புதான் தேர்வாகும். உரிமத் தேர்வுக்கு நோக்கமே வேறு. முதல் நாள் வேலைக்குப் போகும் ஒருவரால் மக்களுக்குத் தீங்கு வராது என்று உறுதிசெய்துகொள்வதே அதன் குறி. பாடப்புத்தகத்தில் இருந்தாலும் வேலையில் பயன்படாதது தேர்வில் இருக்கக் கூடாது.

அதனால் முதல் படி, தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுப்பது. பணிப் பகுப்பாய்வு என்பார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான சமூகப் பணியாளர்களிடம் நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்து, ‘இந்த வேலையை எத்தனை முறை செய்கிறீர்கள்? வேலையில் சேரும் அன்றே இது தெரிந்திருக்க வேண்டுமா?’ என்று கேட்பார்கள். இந்தக் கணக்கெடுப்பு 2024இல் ‘சமூகப் பணி சென்சஸ்’ என்ற பெயரில் பெரிய அளவில் நடந்தது.

பதில்களிலிருந்து தேர்வின் வரைபடம் பிறக்கிறது. எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம் என்பதை அது சொல்லும். 2018இல் நடப்புக்கு வந்த வரைபடத்தில் கிளினிக்கல் தேர்வு இப்படிப் பிரிந்தது: மனித வளர்ச்சியும் பன்மையும் 24, மதிப்பீடும் நோயறிதலும் சிகிச்சைத் திட்டமும் 30, உளசிகிச்சையும் தலையீடுகளும் 27, தொழில் நெறி 19. முதுகலைத் தேர்வில் தொழில் நெறிக்கு மட்டும் 25. அனுபவம் குறைந்தவரிடம் நெறியைக் கூடுதலாகச் சோதிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பகுதிகளுக்குக் கீழே நுணுக்கமான பல தலைப்புகள் உண்டு. ஒவ்வொரு கேள்வியும் அவற்றில் ஏதாவது ஒன்றில் போய் உட்கார வேண்டும்.

அடுத்தது கேள்வி எழுதுபவர்கள். எல்லோரும் உரிமம் பெற்ற சமூகப் பணியாளர்கள். மருத்துவமனை, பள்ளி, குழந்தைப் பாதுகாப்பு, போதை மீட்பு, முதியோர் இல்லம், சிறை, கிராமப்புறச் சேவை எனப் பல இடங்களில் வேலை பார்ப்பவர்கள். இனம், பால், வயது, ஊர், அனுபவம் எல்லாம் கலந்திருக்கும்படி பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் பயிற்சி, பிறகு ஒப்பந்தம், எழுதுவதற்குக் கூலி. கேள்வியோடு சரியான விடைக்கான காரணத்தையும், மற்ற விடைகள் ஏன் தவறு என்பதையும், ஆதாரமாக நிற்கும் நூலையும் சேர்த்தே தர வேண்டும். ‘எனக்கு அனுபவம் இருக்கிறது, இதுதான் சரி’ என்பது அங்கே எடுபடாது.

எழுதியது அப்படியே தாளுக்குப் போய்விடுவதில்லை. அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவர் படித்து, எழுதியவரோடு சேர்ந்து திருத்துவார். அடுத்து, துறை வல்லுநர்கள் அடங்கிய தேர்வுக் குழு ஒவ்வொரு கேள்வியாக எடுத்து விவாதிக்கும். குழு ஏற்ற கேள்வி உண்மையான தேர்வில் மதிப்பெண் இல்லாமல் ஓடிப் பார்க்கும். அதன் புள்ளிவிவரம் தேறினால்தான் கேள்வி வங்கிக்குள் போகும். வங்கியிலிருந்து முழுத்தாள் தொகுத்த பிறகு, அதை வேறொரு சமூகப் பணியாளர் குழு ஒட்டுமொத்தமாகப் படிக்கும். முன்னால் வந்த கேள்வி பின்னால் வரும் கேள்விக்கு விடை சொல்லிக் கொடுக்கிறதா என்பது அந்த வாசிப்பில்தான் தெரியும்.

பல தரப்பட்டவர்கள் கேள்வி எழுதுவதால் என்ன வந்துவிடப் போகிறது? கேள்வி கேள்விதானே! உதாரணம் காட்ட முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

உண்மைத் தேர்வின் கேள்விகள் ரகசியம். நாமே ஒன்று செய்து பார்ப்போம். புதிதாக எழுத வந்த ஒருவரின் முதல் வரைவு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

‘ஒரு சமூகப் பணியாளர் 15 வயதுச் சிறுமியிடம் பேசுகிறார். அவள் உடலில் காயத் தடங்கள் தெரிகின்றன. “வீட்டில் சொல்லாதீர்கள்” என்கிறாள். சமூகப் பணியாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? அ) குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் தருவது ஆ) தாயை அழைப்பது இ) தடங்கள் பற்றி மேலும் கேட்டு, உடனடி ஆபத்து உள்ளதா என மதிப்பிட்டு, அவளோடு சேர்ந்து பாதுகாப்புத் திட்டம் வகுப்பது ஈ) பேச்சை மாற்றுவது.’

எழுதியவர் மனத்தில் விடை ‘இ’. படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. இதை ஒரே மாதிரி ஆட்கள் ஐந்து பேர் படித்தால் அநேகமாகப் பாஸாகிவிடும்.

வெவ்வேறு இடத்தில் வேலை பார்ப்பவர்கள் படிக்கட்டும். குழந்தைப் பாதுகாப்பில் இருப்பவர் உடனே கையைத் தூக்குவார்: ‘நியாயமான சந்தேகம் இருந்தாலே தகவல் தர வேண்டும் என்பது சட்டம். துருவி விசாரிப்பது நம் வேலை இல்லை. என்னைக் கேட்டால் அ-தான் விடை.’ பள்ளியில் இருப்பவர், ‘இது எங்கே நடக்கிறது? பள்ளியா, கிளினிக்கா? இடத்தைப் பொறுத்து விடை மாறும்’ என்பார். வியட்நாமியக் குடும்பங்களோடு பழகியவர் வேறொன்றைக் காட்டுவார்: காய்ச்சலுக்கு முதுகில் தைலம் பூசி நாணயத்தால் உரசும் வழக்கம் அங்கே உண்டு, அது அச்சு அசலாக அடிபட்ட தடம் போலவே சிவந்து நிற்கும். ‘காயத் தடம்’ என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது அப்போதுதான் மற்றவர்களுக்கு உறைக்கும்.

கேள்வியின் கட்டுமானத்திலும் கோளாறு இருக்கிறது. சரியான விடைதான் இருப்பதிலேயே நீளம். பாடம் தெரியாதவனும் நீளமானதைக் குறிவைத்து மதிப்பெண் வாங்கிவிடுவான். அதே விடையில் மூன்று செயல்கள் இருக்கின்றன. கேள்வியோ ‘முதலில்’ என்று கேட்கிறது. ‘ஈ’யை யாருமே தேர்ந்தெடுக்க மாட்டார்கள், அது வெறும் இடம் அடைப்பு. விடைகளின் எண்ணிக்கை கூடினால் தேர்வின் தரம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. உருப்படியான மூன்று விடைகளே போதும் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, இத்தேர்விலும் மூன்று விடைக் கேள்விகள் வந்துவிட்டன.

எழுதியவர் உண்மையில் நினைத்தது சிறுமி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதை என்று வையுங்கள். அதை வெளிப்படையாகச் சொல்லித் திருத்திய வடிவம்:

‘பள்ளிச் சமூகப் பணியாளரிடம் 15 வயது மாணவி, தான் பிளேடால் கையைக் கீறிக்கொள்வதாகச் சொல்கிறாள். பெற்றோருக்குத் தெரிய வேண்டாம் என்கிறாள். பணியாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? அ) ரகசியக் காப்பின் எல்லைகளை விளக்குவது ஆ) தற்கொலை எண்ணம் உள்ளதா என மதிப்பிடுவது இ) பெற்றோரைத் தொடர்புகொள்வது.’

இப்போது மூன்றுமே செய்ய வேண்டியவைதான். சோதிக்கப்படுவது வரிசை. பாதுகாப்பு முதலில் என்பதால் விடை ‘ஆ’. ஆனாலும் குழு விடாது. ‘அவள் ரகசியம் கேட்கும் அந்த நொடியிலேயே எல்லையைச் சொல்லாமல் மேலே விசாரித்தால், அது நம்பிக்கைத் துரோகம் ஆகாதா?’ என்று நெறியில் ஊறிய ஒருவர் கேட்பார். கேட்பது நியாயம். அதனால் ‘ரகசியக் காப்பின் எல்லைகள் முதல் சந்திப்பிலேயே விளக்கப்பட்டன’ என்ற ஒரு வரியைக் கேள்வியில் சேர்த்து, ‘அ’வை ‘மனநல மருத்துவரிடம் அனுப்புவது’ என்று மாற்ற வேண்டிவரும். இவ்வளவும் ஒரே ஒரு கேள்விக்கு.

மூன்று பொது விதிகள்: ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற விடை கூடாது. ‘எது சரியல்ல?’ என்று எதிர்மறையாகக் கேட்கக் கூடாது; அது வாசிப்பு வேகத்தைத்தான் சோதிக்கும். வாடிக்கையாளரின் இனம், மதம், பாலியல் சார்பு விடைக்குத் தேவைப்பட்டால் ஒழியக் குறிப்பிடக் கூடாது. ‘ஒரு கறுப்பின இளைஞர்’ என்று தொடங்கி, விடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போனால், படிப்பவர் மனத்தில் தேவையற்ற நெருடல்தான் மிஞ்சும்.

20 கேள்விக்கு மதிப்பெண்ணே கிடையாதாமே. பிறகு எதற்குக் கேட்கிறார்கள்?
– வாசகி, பெங்களூரு

2018 வரைபடத்தின்படி நடந்த தேர்வில் மொத்தம் 170 கேள்விகள், நேரம் 4 மணி. மதிப்பெண் 150க்குத்தான். மீதி 20 முன்னோட்டக் கேள்விகள், எவை என்று தேர்வு எழுதுபவருக்குத் தெரியாது. தெரிந்தால் யாரும் மெனக்கெட மாட்டார்கள், கிடைக்கும் கணக்கும் குப்பையாகிவிடும்.

முன்னோட்டத்தில் மூன்று கணக்குகள் பார்ப்பார்கள். எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்பது முதலாவது. நூற்றுக்கு 97 பேர் சரியாக எழுதினால் அந்தக் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டாது.

இரண்டாவது, தேர்வு முழுவதிலும் நன்றாகச் செய்தவர்கள் இந்தக் கேள்வியையும் நன்றாகச் செய்தார்களா? மேல் வரிசைக்காரர்களில் 40 சதவீதமும் கீழ் வரிசைக்காரர்களில் 60 சதவீதமும் சரி என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. ஒன்று, விடையே தவறாகக் குறிக்கப்பட்டிருக்கும். இல்லாவிட்டால், விவரம் தெரிந்தவர்கள், கேள்வி எழுதியவருக்குத் தோன்றாத ஒரு நியாயத்தைக் கண்டு வேறு விடைக்குப் போயிருப்பார்கள். எங்கள் பார்வையில் மூன்றில் இதுதான் விலைமதிப்பற்ற கணக்கு. எழுதியவரின் தன்னம்பிக்கையைப் பதம் பார்ப்பது இதுவே.

மூன்றாவது, பாரபட்சக் கணக்கு. மொத்தத்தில் ஒரே அளவு மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் எடுத்து, அவர்களை இனவாரியாக, பால்வாரியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். 100 மதிப்பெண் வாங்கிய வெள்ளையரில் 70 சதவீதமும், அதே 100 வாங்கிய கறுப்பினத்தவரில் 45 சதவீதமும் ஒரு கேள்வியைச் சரியாக எழுதினால், கேள்விக்குள் சமூகப் பணி தவிர வேறேதோ கலந்திருக்கிறது. அநேகமாக ஒரு வட்டாரச் சொல், ஒரு குடும்ப வழக்கம், ஒரு விளையாட்டு உவமை. இதற்குப் பெரிதும் பயன்படும் மேண்டல்-ஹேன்ஸல் என்ற புள்ளியியல் முறை 1959இல் நோய்க்காரணம் தேடும் மருத்துவ ஆய்வாளர்களுக்காக வந்தது. எண்பதுகளில் தேர்வாளர்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

சமமான மதிப்பெண்காரர்களை ஒப்பிடுவது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. இல்லினாய் மாநிலக் காப்பீட்டு முகவர் தேர்வு கறுப்பினத்தவருக்குப் பாதகமானது என்று கோல்டன் ரூல் என்ற காப்பீட்டு நிறுவனம் தொடுத்த வழக்கு 1984இல் சமரசத்தில் முடிந்தது. இரு இனத்தாரின் தேர்ச்சி விகிதம் அதிகம் விலகாத கேள்விகளுக்கு முன்னுரிமை தருவதாகத் தேர்வு நிறுவனமான ஈ.டி.எஸ். ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த விதி, படிப்பு வாய்ப்பில் உள்ள ஏற்றத்தாழ்வையும் கேள்வியின் கோளாறையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது. ஒப்புக்கொண்டது தவறு என்று அந்த நிறுவனத்தின் தலைவரே 1987இல் சொன்னார்.

என் அக்கா மகன் 99 வாங்கித் தேறிவிட்டான். அவனோடு படித்த பெண் வேறு நாளில் எழுதி 101 வாங்கியும் தேறவில்லையாம். இது என்ன நியாயம்?
– வாசகர், காரைக்குடி

கேட்டால் அநியாயம் போலத்தான் இருக்கும். எல்லோருக்கும் ஒரே தாள் இல்லை என்பதுதான் விஷயம். ஒரே தாளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கேள்விகள் வெளியே கசிந்துவிடும். பல தாள்கள் சுற்றில் இருக்கும்போது ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் கடினமாக அமைவதைத் தவிர்க்க முடியாது. கடினமான தாளுக்குத் தேர்ச்சி எல்லையைச் சற்றுக் குறைப்பார்கள், எளிய தாளுக்கு உயர்த்துவார்கள். அதனால் 150க்கு ஏறத்தாழ 90 முதல் 107 வரை எல்லை நகரும். உங்கள் அக்கா மகனுக்குக் கிடைத்தது கடினமான தாள்.

எல்லையை முதன்முதலில் வைப்பது எப்படி என்பதுதான் சுவாரஸ்யம். அமெரிக்க உளஅளவியலாளர் வில்லியம் ஆங்காஃப் 1971இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில் போகிற போக்கில் சொன்ன யோசனை, இன்று உலகெங்கும் உரிமத் தேர்வுகளின் அடித்தளம். சமூகப் பணியாளர் குழு ஒன்றைக் கூட்டுவார்கள். ‘உரிமம் தரக் குறைந்தபட்சத் தகுதி மட்டும் உள்ள ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி 100 பேர் இருந்தால் இந்தக் கேள்விக்கு எத்தனை பேர் சரியாக எழுதுவார்கள்?’ நாலு பேர் 70, 60, 75, 55 என்று சொன்னால் சராசரி 65. அதாவது அந்தக் கேள்வியின் பங்கு 0.65 மதிப்பெண். 150 கேள்விக்கும் இப்படிக் கூட்டினால் தேர்ச்சி எல்லை கிடைக்கும். முதல் சுற்றுக்குப் பிறகு உண்மைப் புள்ளிவிவரத்தைக் காட்டி, விவாதித்து, மறுபடி ஒரு சுற்று.

இங்கேதான் குழு கலந்திருக்க வேண்டியது அவசியம். இருபது வருட அனுபவக்காரர்கள் மட்டும் உட்கார்ந்தால், ‘இதுகூடத் தெரியாதா?’ என்று எல்லாவற்றுக்கும் 90 போட்டுவிடுவார்கள். அண்மையில் உரிமம் பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் எண் தரைக்கு இறங்கும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும், இனவாரியாகத் தேர்ச்சியில் பெரிய இடைவெளி இருப்பதாகப் படித்தேன். அப்படியென்றால் ‘பல தரப்பினர் தயாரிக்கும் தேர்வு’ என்பது வெறும் பேச்சா?
– ஆய்வு மாணவர், திருச்சி

வெறும் பேச்சு இல்லை. ஆனால் போதுமானதும் இல்லை.

இன, வயது வாரியான தேர்ச்சி விகிதத்தை ஏ.எஸ்.டபிள்யூ.பி. நெடுங்காலம் வெளியிடவில்லை. 2022 ஆகஸ்டில் வெளியிட்டது. 2018 முதல் 2021 வரை கிளினிக்கல் தேர்வை முதன்முறை எழுதியவர்களில் வெள்ளையர் ஏறத்தாழ 84 சதவீதமும், கறுப்பினத்தவர் 45 சதவீதமும் தேறியிருந்தனர். திரும்ப எழுதியவர்களையும் சேர்த்தால் 91க்கு 57. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களும் வயதில் மூத்தவர்களும் பின்தங்கியிருந்தார்கள்.

ஒவ்வொரு கேள்வியும் பாரபட்சக் கணக்கில் தேறித்தானே வந்தது, பிறகு எப்படி? அந்தக் கணக்கின் குறுகிய எல்லையே காரணம். மொத்த மதிப்பெண் சமமாக உள்ளவர்களைத்தான் அது ஒப்பிடுகிறது. தாள் முழுவதும் ஒரே பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால், மொத்த மதிப்பெண்ணும் அதே அளவு சாய்ந்திருக்கும். கல் ஒட்டிய தராசில் ஒவ்வொரு காயாக நிறுத்துப் பார்த்து, ‘எல்லாம் சரியாகத்தான் நிற்கிறது’ என்பதைப் போல. தனித்துத் துருத்தும் கேள்வியை அது பிடிக்கும், பொதுச் சாய்வு அதன் கண்ணில் படாது.

குழுவின் பார்வைக்கும் எல்லை உண்டு. இந்தக் கேள்வி ஓர் இனத்தாருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று வல்லுநர்கள் ஊகிப்பதும், புள்ளிவிவரம் பின்னர் காட்டுவதும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. தேர்வியல் துறையில் இது பழைய சங்கதி. மனத்தைப் புண்படுத்தும் சொல்லையும், ஒரு வட்டாரத்துக்கே உரிய அனுமானத்தையும் குழு பிடித்துவிடும். கடின அளவைக் கண்ணால் பார்த்துச் சொல்வது யாருக்கும் கைவராது.

தேர்வுக்கு வெளியே இருப்பதும் நிறைய. ஒரு முறை எழுத 230 டாலர், கிளினிக்கல் என்றால் 260. தவறினால் 90 நாள் காத்திருந்து மறுபடி கட்ட வேண்டும். பயிற்சி வகுப்புக்குத் தனிச் செலவு. இரண்டு வேலை பார்த்துக்கொண்டு படிப்பவருக்கும், விடுப்பு எடுத்துப் படிப்பவருக்கும் தாள் ஒன்றாக இருந்தாலும் தேர்வு ஒன்றல்ல.

ஆனால் இதையெல்லாம் சொல்லித் தேர்வு அமைப்பு தப்பித்துக்கொள்வதை நாங்கள் ஏற்கவில்லை. விமர்சகர்கள் வைக்கும் வலுவான கேள்வி ஒன்று நிற்கிறது: இதில் கூடுதல் மதிப்பெண் வாங்கியவர் வேலையில் கூடுதல் பாதுகாப்பானவர் என்பதற்கு என்ன சான்று? உரிமத் தேர்வுகள் பொதுவாகத் தங்கள் நியாயத்தைப் பணிப் பகுப்பாய்விலிருந்து பெறுகின்றன. பிற்கால வேலைத் திறனோடு ஒப்பிட்டு நிறுவுவதில்லை. 84க்கு 45 என்ற இடைவெளி இருக்கும்போது, ‘வேலையில் இருப்பதைத்தான் கேட்கிறோம்’ என்பது பாதிப் பதில்தான்.

அமெரிக்கச் சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம் 2023 பிப்ரவரியில் இத்தேர்வுகளை எதிர்ப்பதாக அறிவித்தது. இல்லினாய் மாநிலம் அதற்கு முன்பே, 2022 ஜனவரி முதல், ஆரம்ப நிலை உரிமத்துக்குத் தேர்வை நீக்கியிருந்தது. கிளினிக்கல் தேர்வில் தவறியவர்கள் கூடுதலாக 3,000 மணி நேர மேற்பார்வைப் பணியைக் காட்டி உரிமம் பெறும் மாற்று வழியையும் பின்னர் திறந்தது. 2024 சென்சஸை வைத்து அமைந்த புதிய வரைபடம் 2026 ஆகஸ்ட் தேர்வுகளுக்கு என அறிவிக்கப்பட்டது. அதில் கேள்விகளின் எண்ணிக்கையும் குறைகிறது. இடைவெளி குறைந்ததா என்பதை இனி இனவாரிப் புள்ளிவிவரத்தை வைத்தே பேச வேண்டும், குழுப் புகைப்படத்தில் எத்தனை நிற முகங்கள் என்பதை வைத்து அல்ல.

கோவையில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தேன். கணவர் வேலைக்காக நியூ ஜெர்சி வந்திருக்கிறோம். தேர்வுக்கு நேரே விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, எடிசன்

முடியாது. படிகளின் வரிசை முக்கியம், பலர் இதில்தான் காலத்தையும் பணத்தையும் விடுகிறார்கள்.

முதலில் உங்கள் பட்டம் அமெரிக்க எம்.எஸ்.டபிள்யூ.வுக்குச் சமம் என்று அங்கீகாரம் வேண்டும். சமூகப் பணிக் கல்வி மன்றமான சி.எஸ்.டபிள்யூ.இ. நடத்தும் வெளிநாட்டுப் பட்ட மதிப்பீட்டுச் சேவைக்கு விண்ணப்பியுங்கள். பொதுவான பட்ட மதிப்பீட்டு நிறுவனங்களின் சான்றை வாரியங்கள் பொதுவாக இதற்கு ஏற்பதில்லை. இங்கே தடுக்கி விழவைப்பது களப்பணி. நம் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் ‘களப்பணி’ என்று ஒற்றை வரிதான் இருக்கும். எத்தனை மணி நேரம், எந்த நிறுவனம், மேற்பார்வையாளரின் தகுதி என்ன என்ற விவரத்தைக் கல்லூரி முத்திரையோடு தனிக் கடிதமாக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டப் புத்தகமும் நீங்கள் படித்த ஆண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

அடுத்து மாநில வாரியத்துக்கு விண்ணப்பம். வாரியம் அனுமதித்த பிறகே ஏ.எஸ்.டபிள்யூ.பி.யில் பதிவு, கட்டணம், தேர்வு நாள். விண்ணப்பத்திலும் அடையாள அட்டையிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இனிஷியலை ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் போடும் நம் வழக்கம் தேர்வு மையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர்களுக்குக் கூடுதல் நேரம், இருமொழி அகராதி போன்ற ஏற்பாடுகளைப் பல வாரியங்கள் அனுமதிக்கின்றன. கேட்டால்தான் கிடைக்கும், தேதி எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, இங்கிருந்து போகிறவர்கள் கோட்பாட்டில் தோற்பதில்லை. ‘முதலில்’, ‘அடுத்து’, ‘மிகச் சிறந்தது’ என்ற சொற்களில் தோற்கிறார்கள். குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசுவது நமக்கு இயல்பான முதல் படி. அந்தத் தேர்வில் வாடிக்கையாளரின் சுயநிர்ணயம் முன்னால் நிற்கும். உங்கள் அனுபவத்தில் எது பலித்தது என்று யோசிக்காமல், கேள்வியில் உள்ள தகவலை மட்டும் வைத்து விடை தேடுங்கள்.

டொராண்டோவில் இருக்கிறேன். எனக்கும் இதே தேர்வா?
– வாசகர், ஸ்கார்பரோ

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணமும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர்தான். ஆனால் அங்கே சமூகப் பணியாளராகப் பதிவு செய்ய இந்தத் தேர்வு நெடுங்காலமாகக் கேட்கப்பட்டதில்லை. பட்ட அங்கீகாரமும், ‘கல்லூரி’ எனப்படும் மாகாண ஒழுங்குமுறை அமைப்பில் பதிவும் போதுமாக இருந்தன. விண்ணப்பிக்கும் முன் அதன் இப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு மாகாணத்துக்குக் குடிபெயர நினைத்தால் அங்குள்ள விதியைத் தனியே பாருங்கள்.

இந்தியாவில் இப்படி ஒரு உரிமம் எப்போது வரும்?
– சமூகப் பணியாளர், சென்னை

நாள் குறிக்க எங்களிடம் பஞ்சாங்கம் இல்லை. பாதிக் கதவு திறந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப் பணியாளர் என்பவர் யார், அவருக்கு எம்.ஃபில். அளவில் என்ன தகுதி வேண்டும் என்று வரையறுத்தது. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவச் சமூகப் பணியாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே வேலை செய்யும் பெருங்கூட்டத்துக்கு மட்டும் எந்தச் சட்டப் பதிவும் கிடையாது.

டெக்சாஸில் கிளினிக்கல் உரிமம் பெற்றுப் பணிபுரிகிறேன். நானும் கேள்வி எழுத விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, ஹூஸ்டன்

தாராளமாக. ஏ.எஸ்.டபிள்யூ.பி. அவ்வப்போது கேள்வி எழுதுவோரைத் தேடி அழைப்பு விடும். நடப்பில் உள்ள உரிமம், எந்தத் துறையில் பணி என்ற விவரம், தற்குறிப்பு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். புலம்பெயர்ந்த குடும்பங்களோடு வேலை செய்த அனுபவம் இருந்தால் அதை முன்னால் எழுதுங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். எழுதிய கேள்வி உங்கள் சொத்தும் அல்ல. வகுப்பில் மாணவர்களிடம் அதைச் சொல்லவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுக்கு இந்தத் தேர்வுக்கான பயிற்சி தருபவராக இருந்தால், இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டியிருக்கும்.